இடதுகால் நடுவிரல்

எங்கள் தெருவில் நாய் வளர்க்கலாம். மூன்று வீட்டில் வளர்க்கிறார்கள். ராத்திரி முழுக்க ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக் குரைத்துக்கொண்டே இருக்கும், அது காவல். மாடியில் புறா வளர்க்கலாம், அது பொழுதுபோக்கு. சேவல் கூவினால் மட்டும் பட்டிக்காடு. பழங்காநத்தத்தில் கடன் போட்டு வீடு வாங்கி வந்த பிறகு நான் கற்றுக்கொண்டது இது.

நான் ஆசைக்குச் சேவல் வளர்க்கவில்லை. இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போன பிறகு மூன்றாவது நின்றது. கேள்விப்பட்டதும் என் அம்மா ஒச்சாயி, உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து கருத்த வாலுள்ள ஒரு செவலை இளஞ்சேவலை ஒயர்க்கூடையில் வைத்துப் பஸ் ஏறி வந்துவிட்டாள். பிள்ளை உயிரோடு கைக்கு வந்தால் மாசிச் சிவராத்திரிக்கு அந்தச் சேவல் எங்கள் குலசாமிக்கு.

"ஒங் கையால தீனி போட்டு வளக்கணும் சரண்யா. அடுத்தவுக வீட்டுக்குப் போகக் கூடாது. மாசி வரைக்கும் இதுதான் ஒம் பிள்ளைக்குத் தொணை" என்றாள். அன்றைக்கே அதன் இடதுகால் நடுவிரல் நுனியை நகத்தோடு வெட்டி மஞ்சளை அப்பினாள். எங்கள் வீட்டில் நேர்ந்துவிட்ட சேவலுக்கு அதுதான் அடையாளம். காலில் கயிறு கட்டினால் அறுந்துபோகும், வெட்டிய விரல் திரும்ப முளைக்காது.

என் வீட்டுக்காரர் பீமாராவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவருக்கு அந்தப் பெயரை வைத்த அவருடைய அப்பா, வீட்டில் ஒரு சாமி படம்கூட மாட்ட விட்டதில்லை. ஆனால் முதல் இரண்டு முறையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைவிட அதிகமாக அழுதவர் இவர்தான். அதனால் சேவலைப் பார்த்து முகத்தை மட்டும் சுருக்கிக்கொண்டு வெளியே போனார்.

புரட்டாசியில் அது கூவப் பழகியது. முதலில் தொண்டை கட்டியதுபோலக் கரகரத்தது, பிறகு விடியுமுன்பே தெருவை எழுப்பியது. பக்கத்து வீட்டு ஹாலாஸ்யம் சார் ரிட்டையர்டு வாத்தியார். வாசலில் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "என்ன சார், கிராமத்தையே கையோட கூட்டிண்டு வந்துட்டேளா?" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். இவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. நாங்கள் பால் காய்ச்சிக் குடிவந்த அன்று தெருக்காரர்கள் வந்தார்கள், வாழ்த்தினார்கள், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனார்கள். அது இவர் நெஞ்சில் அப்படியே இருந்தது. என் நெஞ்சிலும் இருந்தது. ஆனால் எனக்கு வயிற்றில் பிள்ளையும் இருந்தது.

சாரின் மனைவி அனந்தலக்ஷ்மி மாமி மட்டும் ஒருநாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "அவருக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து தூக்கமே கம்மிம்மா. ராத்திரியில அதை உள்ள எங்கயாவது வெச்சுக்க முடியுமா?"

நியாயமான பேச்சு. அன்றிலிருந்து இருட்டியதும் சேவலைக் கூடைக்குள் கவிழ்த்துக் குளியலறையில் வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. மாமியும் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியும் ஐப்பசியில் மாநகராட்சி சூப்பர்வைசர் வந்து நின்றார். "கோழி வளக்குறதா புகார் வந்திருக்கும்மா. இந்த வாரத்துக்குள்ள எடுத்துருங்க. இல்லன்னா ஆளு வந்து தூக்க வேண்டியதாயிரும்."

"யாருண்ணே குடுத்தா?"

"அத நாங்க சொல்லக் கூடாதும்மா."

அவர் எதற்குச் சொல்ல வேண்டும்? எனக்கே தெரியும் என்று நினைத்தேன். மாமியிடம் பேச்சை நிறுத்தினேன். மதில் வழியாக அவர் நீட்டிய கறிவேப்பிலையை வாங்காமல் உள்ளே போனேன். அவர் கை சற்று நேரம் அப்படியே நீண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அம்மாவுக்குப் போன் செய்தால், "இங்க கொண்டாந்துராதத்தா. ஊரெல்லாம் வெள்ளக்கழிச்சல், ஒரு கோழி மிஞ்சல" என்றாள். பீமாராவ்தான் வழி சொன்னார். கப்பலூரில் அவருடைய சிநேகிதர் இம்மானுவேல் வேலை பார்க்கும் பட்டறையில் பெரிய காம்பவுண்டு இருக்கிறது, மாசி வரைக்கும் அங்கே கிடக்கட்டும் என்றார். வீடாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். பட்டறைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒயர்க்கூடையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அது வண்டியில் போனது.

திரும்பி வந்தவரிடம், "நேந்த சேவல்னு அண்ணேகிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்துக்கச் சொல்லியிருக்கேன்."

"நேந்ததுன்னு சொன்னீங்களான்னு கேக்குறேன்."

"அத எப்படிச் சொல்றது சரண்யா? மேடையேறி மூடநம்பிக்கைன்னு பேசுற ஆளு நானு. நானே போயி சாமிக்கு நேந்ததுன்னு சொன்னா சிரிக்க மாட்டானா?"



பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். குப்பை வண்டியோடு வரும் முருகம்மாள் அக்கா காலிக் கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எடுத்துட்டீகளா? நல்லது. ஐயா வந்து சூப்பர்வைசர்ட்டச் சொல்லும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். தன் வீட்டு மேல தானே புகார் குடுக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன். மாசமா இருக்குற பொண்டாட்டிக்குச் சீக்கு வந்துரும்னு பயந்திருப்பாரு போல."

அவளை அனுப்பிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் இவர் வந்து செருப்பைக் கழற்றும்வரை எழுந்திருக்கவில்லை.

"நீங்களா?"

இவர் மறுக்கவில்லை. "ஒங்கிட்டச் சொல்ல முடியல. நான் வேணாம்னு சொல்லி, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, ஆயுசுக்கும் நீ என்னையத்தான் சொல்லுவ. மாநகராட்சியில சொன்னதா இருக்கட்டும்னு நெனச்சேன். இந்தத் தெருவுல எவனும் நம்மளப் பாத்து, இவிங்க எங்க போனாலும் இப்படித்தான்னு சொல்லிறக் கூடாது."

"மாமி மேல பழியப் போட்டுட்டுப் பேசாமத் திரிஞ்சேனே. பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த மனிதர்மேல் வெறுப்பு வந்தது. குனிந்த தலையைப் பார்த்து அடுத்த நொடியே பாவமாகவும் இருந்தது.

"சேவல் இங்க வரணும். தூக்க வாறவன் வரட்டும், நான் பேசிக்கிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பலூருக்குப் போனவர் விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். போய்வர அவ்வளவு நேரம் ஆகாது. கூடையில் செவலைச் சேவல், அதே கருத்த வால். "எடம் மாறுனதுல கொஞ்சம் மெலிஞ்சு போச்சு" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

உள்ளங்கையில் கம்பைக் கொட்டி நீட்டினேன். என் சேவல் கை நோகக் கொத்தித் தின்னும். இது கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. மெதுவாக இடதுகாலை வெளியே எடுத்தேன். நடுவிரல் முழுசாக இருந்தது. நுனியில் நகம் சுத்தமாக வளைந்திருந்தது. நான் கையால் தீனி போட்டு வளர்த்தது பட்டறையில் யாருடைய சோற்றிலோ கலந்து போய்விட்டது. நேர்ந்தது என்று தெரிந்திருந்தால் இம்மானுவேல் அண்ணன் கைவைத்திருக்க மாட்டார். இவருக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

"என்ன பாக்குற? அதேதான்" என்றார் இவர். குரல் உள்ளே போயிருந்தது. விரலைப் பற்றி இவருக்குத் தெரியாது. அம்மா அதை வெட்டியபோது இவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு வெளியே போயிருந்தார்.

சத்தம் போட்டிருக்கலாம். கூடையைத் தூக்கித் தெருவில் எறிந்திருக்கலாம். ஆனால் பிள்ளைக்குத் துணையாக இருந்த சேவல் செத்துப்போனது என்று, அந்தப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு என் வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. உள்ளே பிள்ளை ஒருமுறை புரண்டது. நான் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமா, அதேதான்" என்றேன்.

இவர் மூச்சை விட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். நான் அந்தப் பேர் தெரியாத சேவலைக் கூடைக்குள் கவிழ்த்துச் சாக்கைப் போட்டு மூடினேன். பிரசவத்துக்குத் தையில் நாள் குறித்திருக்கிறார்கள். மாசியில் அம்மா வருவாள், வந்ததும் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சேவலின் இடதுகாலைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பாள்.