இரட்டைப் பதிவு

வெள்ளவத்தை நூலகத்தில் உஷாந்தி வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருடங்கள் ஆகிவிட்டன. திகதி முத்திரை குத்துவது, பிந்திக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு முறைப்பு, பத்திரிகைக்கு அடிபடும் பென்சன்காரர்களுக்குள் சமாதானம் என்று வேலை அதுபாட்டில் போய்க்கொண்டிருந்தது.

அந்த நூலகத்தை நடத்துவது ஓர் அறக்கட்டளை. கொட்டாஞ்சேனையிலும் அதற்கு இன்னொரு நூலகம் உண்டு. அங்குள்ள பதிவேடு வேறு, இங்குள்ளது வேறு. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போவதைத் தவிர அந்தப் பக்கம் உஷாந்திக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. போன வருடம்தான் இரண்டையும் ஒரே கணினிக்குள் கொண்டுவருவதென்று நிர்வாகசபை முடிவெடுத்து, களனியில் சனிக்கிழமைகளில் நடந்த பயிற்சிக்கு அவளை அனுப்பியது.

நாற்பத்தொன்பது வயதில் வகுப்பில் போய் உட்கார அவளுக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. ஆறாவது கிழமையில் பக்கத்து மேசைக்காரர்கள் அவளிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். "இவ்வளவு காலமும் நீங்கள் புத்தகத்துக்குக் காவல் இருந்தனீங்கள். இனி ஆக்களின்ர விபரத்துக்குக் காவல்" என்று பயிற்சி ஆசிரியர் எட்வேட் சொன்னபோது, அந்தப் பொறுப்பை நினைத்து அவளுக்கு உடம்பே நிமிர்ந்தது. முதலாவதாகத் தேறினாள். திரும்பி வந்தபோது அவளுடைய பதவிப் பெயர் தகவல் முகாமையாளர் என்று மாறியிருந்தது.

அந்தத் தகவல் முகாமையாளர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரட்டைப் பதிவுகளின் பட்டியலைத் திறந்தாள். இரண்டு நூலகங்களிலும் அங்கத்தவராகவோ பிணையாளராகவோ இருப்பவர்களைக் கணினி தானே சோடி சோடியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தது. மொத்தம் நாற்பத்துமூன்று சோடிகள். அடையாள அட்டை இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால் 'ஒன்றாக்கு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். வீடு மாறியவர்கள், கலியாணமாகிப் போனவர்கள் என்று பதினாறு முடிந்தன.

பதினேழாவதாக வந்த பெயர் இராமர் சந்திரகுமார்.

அவளுடைய கணவர்.

வெள்ளவத்தைப் பதிவு அவளே எழுதியது. 'காலமானார்' என்று மூன்று வருடங்களுக்கு முன்னர் சிவப்பு மையால் பதிவேட்டில் குறித்ததும் அவள்தான். மாரடைப்பு, ஆஸ்பத்திரி வாசலைக் காணுமுன்பே எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த கொட்டாஞ்சேனைப் பதிவில் அவர் உயிரோடு இருந்தார். அதே அடையாள அட்டை இலக்கம், அதே பிறந்த திகதி. விலாசம் மட்டும் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கை.

எவனோ அட்டையைத் திருடியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஸ்கேன் செய்து வைத்திருந்த படிவத்தைத் திறந்தாள். அது சிறுவர் பிரிவுப் படிவம். பிள்ளையின் பெயர் டில்ஷானி, வயது ஐந்து. பிணையாளர் சந்திரகுமார். 'பிள்ளைக்கு என்ன உறவு' என்ற இடத்தில், கடைசி எழுத்தை எப்போதும் கீழே இழுத்துவிடும் அவருடைய கையெழுத்தில், 'தந்தை' என்று இருந்தது.

அந்தப் படிவத்துக்கு நான்கு வயது.

"மிஸ், முகமெல்லாம் வேர்க்குது. பிரஷர் ஏதும் கூடிட்டுதோ?" என்று எதிர் மேசையில் இருந்து உதவியாளன் ஜீவராஜ் கேட்டான்.

"ஒண்டுமில்லை. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி விடும்."

விசிறி சுழன்றது. காற்று அவளில் படவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில், சுங்கத்திலிருந்து சரக்கு விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் கந்தோரில் அவருக்குக் கிழமையில் இரண்டு இரவு வேலை இருந்தது. அந்த இரண்டு இரவுகளுக்காகவும் அவள் சோறு கட்டிக்கொடுத்திருக்கிறாள். இருபத்தொரு வருடக் கலியாணம். பிணை நிற்க அடையாள அட்டை கட்டாயம் என்பதால் அவரால் பெயரை மாற்ற முடிந்திருக்காது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். யாரும் வரவில்லைதான். அவளே படித்துவிட்டு வந்து, அவளே கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தை மூடினாள். மிச்ச இருபத்தாறு சோடிகளையும் ஒவ்வொன்றாக முடித்தாள். அந்த ஒன்று மட்டும் திரையில் எஞ்சி நின்றது. 'எந்தத் தகவல் சரியானது?' என்று கணினி கேட்டது. செத்தது செத்ததுதானே என்று 'காலமானார்' என்பதைத் தெரிவுசெய்து பொத்தானை அழுத்திவிட்டு, வயிற்றுக்குள் ஏதோ செய்கிறதென்று சொல்லி அரைநாள் லீவு போட்டாள்.

வீட்டுக்குப் போய் அவருடைய அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். எதைத் தேடுவதென்று தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. இரத்மலானையில் வேலை செய்யும் மகள் சுரேகா வந்து கேட்டபோது, தலையிடி என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கொட்டாஞ்சேனை நூலகத்தில் வேலை செய்யும் நிஷாந்தி அழைப்பு எடுத்தாள்.

"மிஸ், இங்க ஒரு அம்மா வந்து நிண்டு அழுறா. எங்கட நூலகத்தில இருந்து மெசேஜ் வந்ததாம். பிள்ளையின்ர அப்பா செத்துப்போனார் எண்டு போட்டிருக்காம். அவர் கப்பல்ல இருக்கிறாராம் மிஸ். நான் என்னெண்டு சொல்லுறது?"

உஷாந்தியின் கையிலிருந்த போன் நழுவி மேசையில் விழுந்தது.

பிணையாளர் காலமானால் பிள்ளையின் நூலக அட்டை தானாகவே நிறுத்தப்படும். வீட்டாருக்குக் குறுஞ்செய்தியும் தானாகவே போகும். போன கிழமை அந்த வசதியை இயக்கிவிட்டது அவள்தான். வசனத்தை எழுதியதும் அவள்தான். ஜீவராஜுக்குக் காட்டிப் பெருமைப்பட்டுமிருந்தாள். 'தங்கள் பிள்ளையின் பிணையாளர் காலமானதாகப் பதிவாகியுள்ளது. புதிய பிணையாளரின் கையொப்பத்துடன் நூலகத்துக்கு வரவும்.'

நேற்று முழுவதும் தன் தலையில் விழுந்த இடியைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொத்தானை அழுத்தினால் இன்னொரு வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மூளையில் ஓடவே இல்லை.

காலி வீதியில் கொட்டாஞ்சேனைக்கு ஒரு த்ரீவீலரை மறித்து ஏறினாள். "இக்மனட யன்ன மல்லி" என்று, கெதியாகப் போகச் சொல்லி, சிங்களத்தில் சாரதியிடம் சொன்னது மட்டும்தான். அதற்குப் பிறகு வழியில் எதைப் பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

சிறுவர் பகுதியின் சின்னக் கதிரையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ தையல் நிறுவனத்தின் நீல மேற்சட்டை. கழுத்தில் சிலுவை. உஷாந்தி நிஷாந்தியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"நீங்கதான் பெரிய மிஸ்ஸா?" என்று அந்தப் பெண் எழுந்தாள். "எம் பேரு கொன்ஸ்ரன்ஸ். இது பிழையா வந்த மெசேஜ்தானே மிஸ்? வேற யாருக்கோ போடவேண்டியத எனக்குப் போட்டுட்டீங்கதானே?"

பிழை என்று சொல்லிவிடலாம். மன்னிப்புக் கேட்டு, அட்டையைத் திரும்ப இயக்கிவிட்டுப் போய்விடலாம். உஷாந்தியின் வாய் அதற்காகத் திறந்தும்விட்டது.

"பிழை இல்லை" என்றாள். "இப்பிடி அறிவிச்சதுதான் பிழை. அது நான் செய்த பிழை. ஆனா விசயம் உண்மை. அவர் இல்லை."

"உங்களுக்கு எப்புடித் தெரியும்? வெளிநாட்டுக் கப்பல் கெடைச்சா சொல்லாமக் கொள்ளாமக்கூட ஏற வேண்டி வரும்னு சொன்னவரு. அதுக்கு முந்தி படகுலதான் வேல. அஞ்சு நாள் கடல்ல, ரெண்டு நாள் வீட்டுல. ஹாபர் கேட்ல போயிக் கேட்டேன், யாருக்கும் தெரியல. எங்கள விட்டுட்டாருன்னு அம்மா சொன்னாங்க. நா நம்பல. செவ்வாக்கெழம தவறாம மெழுகுதிரி கொளுத்துறேன் மிஸ், கடல்ல இருக்கவருக்கு."

"கொன்ஸ்ரன்ஸ்..." உஷாந்தி அவளருகே போனாள். "அவர் கடலுக்குப் போகேல்லை. கந்தோரில கிளார்க்கா இருந்தவர். அவர் என்ர மனுசன். வெள்ளவத்தையில என்ர கண்ணுக்கு முன்னாலதான் விழுந்தவர்."

கொன்ஸ்ரன்ஸ் அவளையே பார்த்தாள். பிறகு அவளுடைய நெற்றியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். ஒரு அடி பின்வாங்கி, புத்தக ராக்கையில் முதுகு முட்டி நின்றாள்.

"கலியாணம் முடிக்காதவருன்னுதான் சொன்னாரு" என்றாள், குரலே இல்லாமல். "ரெஜிஸ்டர் பண்ணுவோம், பண்ணுவோம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"எனக்கும் நேற்றுத்தான் தெரியும்."

"நேத்தா?"

"ஓம். நேற்றுக் காலமை. கொம்பியூட்டரில."

வெளியே யாரோ நிஷாந்தியிடம் பரீட்சை வினாத்தாள் கேட்கும் சத்தம் கேட்டது.

"எங்க பொதச்சீங்க?"

"எரிச்சது. கனத்தைச் சுடலையில."

கொன்ஸ்ரன்ஸ் நிலத்தில் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வருடத்து அழுகை அது. அதைக் கண்டபோது, நேற்றிலிருந்து வராமல் நின்ற அழுகை உஷாந்திக்கும் வந்தது. இந்தப் பெண்ணை வெறுக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தாள். அதற்கு அங்கே இடமிருக்கவில்லை. போத்தலில் இருந்த தண்ணீரை நீட்டினாள். கொன்ஸ்ரன்ஸ் வாங்கவில்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து போய்விட்டாள்.

அன்று பின்னேரமே உஷாந்தி நிர்வாகசபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினாள். மரணச் செய்தி எதுவும் இனிக் கணினியால் போகக்கூடாது, ஓர் ஆள் நேரில் கதைத்த பிறகுதான் பதிவை மாற்ற வேண்டும் என்று கேட்டாள். காரணம் கேட்டார்கள். அந்தப் பெண்ணின் பெயரையோ தன் கணவரின் பெயரையோ சொல்லாமல், என்ன நடந்தது என்று எழுதிக்கொடுத்தாள். நிர்வாகசபை ஒத்துக்கொண்டது. புதிய விதியைக் கேள்விப்பட்டு, களனி வகுப்பின் அடுத்த தொகுதிக்கு வந்து இதைப் பற்றிப் பேசச் சொல்லி எட்வேட் கேட்டார். இப்போது முடியாது, பிறகு பார்ப்போம் என்றாள்.

மூன்று கிழமை கழித்து, தாயே பிணை நின்று கையெழுத்திட்டு டில்ஷானியின் அட்டையைப் புதுப்பித்ததாக நிஷாந்தி சொன்னாள். பெரிய மிஸ் வராத நாளாகப் பார்த்துத்தான் வந்தாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உஷாந்தி சுரேகாவைக் கூப்பிட்டு இருத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். சுரேகா நம்பவில்லை. அப்பா அப்படி ஆளே இல்லை என்று கத்தினாள். அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். பின்னேரம் தேத்தண்ணீர் வைத்துக் கூப்பிட்டபோது கண் வீங்கியிருக்க வந்து உட்கார்ந்து, கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா, அந்தப் பிள்ளை ஆரைப் போல இருக்கு?"

"நான் இன்னும் காணேல்லை" என்றாள் உஷாந்தி.