விரல் அசையக் கூடாது

இரண்டு வருடமாக என் கைப்பையைத் தட்டினால் மணல் கொட்டுகிறது. எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் மனதில் நிற்காத பிள்ளைகளுக்கு நான் டீச்சர். தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே சத்தத்தை வாய்விட்டுச் சொல்ல வைப்பேன். கை பழகினால் எழுத்து தங்கிவிடும். என் பொறுமைதான் தங்குவதில்லை.

வாயாடி என்று நான் கூப்பிடும் பெண்ணுக்கு இன்று சொல்வதெழுதுதல் பரீட்சை. பத்து வார்த்தையில் ஆறு வார்த்தையாவது சரியாக இருக்க வேண்டும். தவறினால் மூன்றாம் முறையாக அதே வகுப்பு. போதாக்குறைக்கு, அவள் தங்கையும் அங்கேதான் வந்து உட்காருவாள். "அவ பக்கத்துல உக்காரவே மாட்டேன் டீச்சர்" என்று வாயாடி ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். முதல் வார்த்தையைச் சொன்னார்கள். அவள் இடது கை விரல் தொடையில் எழுதிப் பார்த்தது. பிறகுதான் வலது கை தாளில் எழுதியது. மேற்பார்வைக்கு வந்திருந்த அம்மாள் பார்த்துவிட்டார்.

"என்ன சைகை அது? கைய மேஜை மேல வை. விரல் அசையக் கூடாது."

உள்ளே ஓடினேன். "மேடம், சைகை இல்ல. அவ விரலால எழுதிப் பாத்துதான் எழுதுவா."

"அனுமதிக் கடிதம் குடுத்திருக்கீங்களா?"

கொடுக்கவில்லை. போன வாரமே எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டியது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, அசதியில் மறந்தே போனேன். யாரைத் திட்டுவது? வெளியே வந்தேன். வாயாடி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

தாள்களை அங்கேயே திருத்தி முடித்தார்கள். அவள் ஒரு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள்.

"கால்ல என்னடி?"

"கைதானே அசையக் கூடாதுன்னாங்க? ஷூவக் கழட்டிட்டுக் கட்டை விரலால தரையில எழுதினேன். நாலாவது வார்த்தையில, ஷூவப் போடுன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"ஷூவுக்குள்ளயே எழுதினேன். இடமே பத்தல டீச்சர்."

கால் கட்டை விரல் நுனியில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"எத்தனை சரி?"

"ஆறு. தங்கச்சி வேற வகுப்புதானே?"

"வேற வகுப்புதான்மா."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தை மறந்தது நான்தான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவள் ஷூவை மாட்டிக்கொண்டே யோசித்தாள்.

"பரவால்ல டீச்சர். அடுத்த தடவை கடிதத்த நானே எழுதித் தரேன். நீங்க கையெழுத்து மட்டும் வாங்குங்க."