மங்கை எந்த ஊர்ல குட்டி போடறது

குதிரைக்குப் பிரசவம் பார்க்க மாநிலம் தேடற கூத்தை எங்கயாவது கேட்டிருக்கீங்களா? சேரப்பணஞ்சேரியில விஜயராகவன் சாரோட பண்ணையில நடந்துச்சு. ஒரகடத்துல பிரஸ் ஷாப் வச்சு கார் கம்பெனிகளுக்குத் தகடு அடிச்சுக் கொடுக்கற மனுஷன், ஆசைக்கு மூணு ரேஸ் குதிரை வளர்க்கறாரு. அதுல ஒருத்திக்கு ஒன்பதாவது மாசம். குதிரைக்குப் பதினொரு மாசம் கணக்கு. காகிதத்துல அவளுக்கு முழ நீளத்துக்கு இங்கிலீஷ் பேரு. மங்கைன்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பார்ப்பா. அப்படிக் கூப்பிட்டுப் பழக்கினவன் குமாரவேல், பண்ணையைப் பார்த்துக்கறவன்.

விஷயம் இதுதான். ரேஸ் குதிரைக் குட்டி எந்த மாநிலத்து மண்ணுல விழுதோ, அந்த மாநிலத்து ரேஸ் கிளப் அதைப் பொறக்க வச்சவருக்கு ஊக்கத்தொகை கொடுக்குது. குட்டி வளர்ந்து ஓடி ஜெயிச்சா, பரிசுக்கு மேல தனியா ஒரு தொகை. எங்க ஊர்லயே குதிரை பொறக்கட்டும்னு ஆளுக்கொரு திட்டம், ஆளுக்கொரு சட்டம். எங்க லாபமோ அங்க சினைக் குதிரையை லாரி ஏத்தறவங்களும் உண்டு.

"புனே பக்கம் அனுப்பிடலாமா குமாரு?"ன்னு சார் கேட்ட அன்னிக்கே குமாரவேலுக்குச் சோறு இறங்கல.

"ரெண்டு நாள் லாரி சார்."

"தெரியும்யா. சும்மா சொல்லல. மூணு திட்டத்தோட காகிதமும் கீது. உன் சம்சாரத்துகிட்ட கொடு. அந்தம்மா மார்க் போட்டா நான் கேட்டுக்கறேன்."

குமாரவேல் பொண்டாட்டி மோகனப்ரியா, பெரிய கார் கம்பெனி ஒண்ணுல சப்ளையர் குவாலிட்டி பார்க்கறவ. யார்கிட்ட சாமான் வாங்கலாம், யார்கிட்ட கூடாதுன்னு மார்க் போடற வேலை. ஒருதடவை சாரோட ரெண்டு லோடையே திருப்பி அனுப்பிட்டா. குதிகுதின்னு குதிச்ச மனுஷன், தகட்டை அளந்து பார்த்துட்டு வாயை மூடிக்கினாரு. அன்னிலேருந்து அவளைப் பத்திப் பேசினா 'அந்தம்மா'தான்.

ஞாயித்துக்கிழமை குன்றத்தூர் வூட்டுல பாயை விரிச்சு உக்காந்தா. ஒரு வரி விடாம படிச்சா. சந்தேகம் வந்த இடத்துக்கெல்லாம் மறுநாள் போன் போட்டு அந்தந்த ஊர் ஆளுங்ககிட்டயே கேட்டா. அன்னிக்கு ராத்திரி ஒரு தாள்ல கட்டம் போட்டு, மூணு ஊருக்கும் மார்க் போட உக்காந்தா. குமாரவேல் டீ போட்டு வச்சுட்டு, அவளைப் பார்த்துக்கினே இருந்தான். கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம். அவ வேலை செய்யற அழகை இப்பதான் முழுசாப் பார்க்கறான். பெருமையில நெஞ்சு நிறைஞ்சுது, கூடவே பயமும்.

"பெங்களூர் பக்கம் அவங்க ஊர் பொலிக்குதிரைக்குப் பொறந்தாத்தான் முழுத் தொகை. மங்கை சேர்ந்தது வேற ஊர் ஆண் குதிரையோட, அதனால பாதிதான்"னு சொன்னா. "நம்ம பக்கம் தொகை சின்னது. ஆனா நாலாவதா வந்தாக்கூட ஏதோ உண்டு. புனே பக்கம்தான் பெரிசு மாமா. குட்டி அங்க பொறக்கணும், தாயும் ஒரு மாசம் முன்னாடியே அங்க இருக்கணும்."

"அப்ப புனேவா?"

"இரு, ஆபத்துக் கட்டம் பாக்கி. எவ்ளோ பெரிய ஆபத்து, இதுக்கு முன்னாடி எத்தினி தடவை நடந்திருக்கு, ரெண்டையும் பெருக்கி மார்க்குல கழிக்கணும். மங்கைக்கு லாரியில வந்து சினை கலைஞ்சிருக்கா?"

குமாரவேல் டம்ளரைப் பார்த்தான். "இல்ல."

அவ அந்தக் கட்டத்துல சைபர் போட்டா.

பொய்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச பொய். மூணு வருஷம் முன்னாடி சினையா இருந்த மங்கையை ஓசூர் தாண்டி ஒரு பண்ணையிலேருந்து கூட்டிக்கினு வந்தவன் இவன்தான். தீபாவளிக்கு மொத நாள். வழியில நிறுத்தி, தண்ணி காட்டி, காலாற விடணும். வூட்டுக்கு ஓடற அவசரத்துல டிரைவரை எங்கயும் நிறுத்த விடல. அஞ்சாம் நாள் குட்டி போச்சு. சார் கேட்டப்ப, வைக்கோல்ல பூஞ்சை இருந்துச்சுன்னு சொல்லிட்டான். வாலாஜாபாத்லேருந்து வைக்கோல் போட்டுக்கினு இருந்த கோபாலை சார் அன்னிக்கே நிறுத்திட்டாரு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கூட்டிப் பார்த்தா புனேதான் மேல. குமாரவேல் அவ கையைப் புடிச்சான். "ப்ரியா, புனேக்கு ரெண்டு மார்க் கொறைச்சுப் போடேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே மாமா"ன்னா. கோவிக்கல. "நல்ல பீஸை ரிஜக்ட் பண்றதும் தப்புதான். உனக்காகப் போட்டா, நாளைக்கு நான் போடற எந்த மார்க்குக்கு மதிப்பு?"

செவ்வாக்கிழமை சாயந்தரம், ஷிப்ட் முடிச்சு நேரா பண்ணைக்கு வந்தா. சார் லாயத்துக்கு வெளிய சேர் போட்டு உக்காந்து காகிதத்தை ரெண்டு தரம் படிச்சாரு. "அடேயப்பா! எங்க கம்பெனி ஆடிட்டுக்குக்கூட இவ்ளோ சுத்தமா யாரும் எழுதினதில்லம்மா. புனேதான் அப்ப. குமாரு, லாரிக்குச் சொல்லிடறேன்."

அவர் போனை எடுத்தாரு. மங்கை கம்பிக்கு மேல தலையை நீட்டி குமாரவேல் தோளை மோந்து பார்த்தா. அவ்வளவுதான், அவனால தாங்க முடியல.

"சார், அந்த சைபர் தப்பு. ஒண்ணுன்னு போடணும்."

மோகனப்ரியா அவனைப் பார்த்தா. அவ முகத்துல பொண்டாட்டி இல்ல, வேலை பார்க்கறவ இருந்தா. அவங்க கம்பெனியில ஒரு வழக்கம்: தப்பு நடந்தா வேர் தெரியற வரைக்கும் அஞ்சு தடவை 'ஏன்' கேக்கணும். திட்டக்கூடாது, கேக்கத்தான் செய்யணும்.

"ஏன் ஒண்ணு?"

"போன சினை லாரியாலதான் கலைஞ்சுது."

"ஏன்?"

"எட்டு மணி நேரம் தண்ணி காட்டல."

"ஏன்?"

"நான்தான் நிறுத்த வேணாம்னேன். தீபாவளிக்கு வூட்டுக்கு வரணும்னு."

அந்த தீபாவளிக்கு அவன் வாங்கிக்கினு வந்த புடவையைத்தான் அவ அன்னிக்குக் கட்டியிருந்தா. குரல் கொஞ்சம் இறங்குச்சு. ஆனா நிறுத்தல. "ஏன் சார்கிட்ட வைக்கோல்னு சொன்ன?"

"பயம்."

"ஏன்? வேலை போயிடும்னா?"

"வேலை போனா இன்னொண்ணு." குமாரவேலுக்கு அழுகை வந்துடுச்சு. "மங்கையை என் கையிலேருந்து வாங்கிடுவாங்கன்னு."

சார் எழுந்து லாயத்துக்குள்ள போனாரு. ரொம்ப நேரம் மங்கை கழுத்தைத் தடவிக்கினு நின்னாரு. அதுக்குள்ள மோகனப்ரியா சைபரை அடிச்சு ஒண்ணு போட்டு, மறுபடி கூட்டி, காகிதத்தை நீட்டினா. நம்ம பக்கம் மேல வந்திருந்துச்சு.

"லாரி வேணாம், இங்கயே போடட்டும்"னாரு சார். அப்புறம் குமாரவேலைப் பார்த்து, "உன்மேல எனக்குக் கோவம் கீது. அது தீர நாளாவும். மங்கை உன்கிட்டதான் இருப்பா, அவளுக்கு வேற யாரையும் தெரியாது. ஆனா கோபாலை நிறுத்தினது நானு. நீ போய் அந்தாளுகிட்ட உண்மையைச் சொல்லு. அப்புறம் நான் பேசறேன்."

மறுநாள் மோகனப்ரியா லீவு போட்டா. "நீ எதுக்கு?"ன்னு கேட்டான். "நேத்து நீ சொன்னியே, அந்த மாதிரி சொல்ல எங்க பிளான்ட்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல மாமா. இன்னொரு தரம் கேக்கணும்"னு சொல்லி வண்டியில பின்னாடி ஏறிக்கினா.

வாலாஜாபாத்ல கோபால் வைக்கோல் கட்டிக்கினு இருந்தாரு. குமாரவேல் நின்னுக்கினே எல்லாத்தையும் சொன்னான், ஒரு வார்த்தை மறைக்கல. கோபால் திட்டல, உக்காருன்னும் சொல்லல. தார்ப்பாயைத் தூக்கிட்டு வைக்கோல் போருக்கு உள்ள பூந்தாரு. ஒவ்வொரு கட்டையும் பிரிச்சு, மோந்து, ஒதுக்கி, பச்சை வாசனை போகாத நாலு கட்டைத் தேடி எடுத்துக்கினு வந்து குமாரவேல் காலடியில வச்சாரு.

"சினைக் குதிரைன்ன இல்ல," கோபால் கேட்டாரு, "இப்ப எத்தினி மாசம்?"