தேயிலைத் தொட்டியில் காய்ந்த கார் விரிப்பு

காரின் முகப்பில் அந்தச் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துப் பல நாள் ஆகியும் பாண்டியன் அதைப் பிரியாவிடம் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், நெஞ்சுக்கு முன்னால் ஓர் உருண்டை. ஏர்பேக் விளக்கு. சொன்னால் மட்டும் என்ன, பெண்டாட்டி ஊதி அணைத்துவிடுவாளா?

தேயிலை விலை படுத்ததும் எஸ்டேட்டில் ஆள் குறைத்தார்கள். வேலை போனவர்களில் பாண்டியனும் ஒருவன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட, இவன் மட்டும் கடன் வாங்கி இந்தப் பழைய காரை எடுத்தான். வாடகை சரியாக ஓடவில்லை. கடைசியாகக் கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடம், பிள்ளைகளை ஏற்றி இறக்க வண்டி கேட்டிருந்தது. திங்கட்கிழமை வண்டியைப் பார்ப்பார்கள். எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்தாலும் வேண்டாம் என்பார்கள். இதுவும் கைநழுவினால் காரை விற்றுவிட்டு நாமும் திருப்பூர்தான் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள்.

அதனால்தான் கட்டபெட்டில் நாச்சிமுத்துவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், பள்ளிக்கூட விஷயத்தைச் சொல்லி, தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"அண்ணே, அந்த பல்ப மட்டும் கழட்டி விட்டுருங்க."

நாச்சிமுத்து கோயம்புத்தூர்க்காரர். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடிவிடும் அவருக்கு. "ஏனுங்க தம்பி, பசங்க ஏறற வண்டிங்க இது. பல்ப புடுங்கறதுக்கு நானெதுக்குங்க? ரோட்டோரம் உக்காந்திருக்கற கொரங்கு போதாதுங்களா?"

பாண்டியன் சாவியை நீட்டினான்.

அவர் கோளாறு கண்டுபிடிக்கும் ஸ்கேனரைக் காரில் சொருகினார். என்ஜினின் கணினிப் பெட்டி பதில் சொன்னது. பிரேக் பெட்டி பதில் சொன்னது. ஏர்பேக் பெட்டி மட்டும் மூச்சு விடவில்லை.

"மத்ததெல்லாம் பேசுதுங்க. அப்ப எல்லாத்துக்கும் பொதுவா ஓடற வயருல கோளாறு இருக்காதுங்க. ஒண்ணு, இந்தப் பெட்டிக்குக் கரண்டு போகோணும், போகல. இல்லாட்டி பெட்டியே செத்துப்போச்சு."

"செத்திருந்தா?"

"புதுசு வரவைக்கோணுமுங்க. திங்கக்கெழமைக்குள்ள ஆகாதுங்க."

ஃபியூஸ் நன்றாக இருந்தது. நாச்சிமுத்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, சும்மா பீடி பிடித்துக்கொண்டு நின்றார். மனுஷன் உயிர் போகிற அவசரத்தில் இருக்கிறான், இவருக்குப் பீடி! கேட்டதற்கு, "மிச்சக் கரண்டு எறங்கோணுமுங்க. அவசரப்பட்டுக் கைய வெச்சா பை மூஞ்சியிலயே வெடிச்சுப்போடும்" என்றார்.

பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த மூடியைக் கழற்றி, கீழே விரிப்பைத் தூக்கினார். தண்ணீர் கசிந்து வந்தது. கூடவே கறுப்பாக மக்கிய ஏதோ ஒன்று, புளித்த வாடை.

"எலைங்களா இது?"

மறைக்க முடியுமா இனி? தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி பாண்டியன் குடியிருந்த சரிவுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. அக்கம்பக்கத்து மூக்கம்மாவும் இருளப்பனும் தங்கள் துண்டு நிலத்தில் பறித்த கொழுந்து சாக்கிலேயே சிவந்து வீணானது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் மழையில் நனைந்த சாக்குகளைக் காரில் அடைத்து, கீழ் கோத்தகிரி தேயிலை ஃபேக்டரியில் கொண்டுபோய் இறக்கிவந்தான் பாண்டியன்.

"வாடகை வாங்குனீங்களா?"

"அவங்ககிட்ட என்னத்தண்ணே வாங்குறது?"

நாச்சிமுத்து மறுபடி குனிந்தார். பெட்டியின் சொருகியைப் பிடுங்கிக் காட்டினார். ஊசி முனைகள் எல்லாம் பச்சைக் களிம்பு. மருந்தடித்துப் பொறுமையாகச் சுத்தம் செய்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள தண்ணி போகலீங்க. உங்க நல்ல நேரம். ஆனா விரிப்பு ஈரத்தோட போட்டா மறுபடி களிம்பேறிக்கும். நல்லா மொறுமொறுன்னு காயோணும்."

ஆடி மாதத்து நீலகிரியில், போட்ட சட்டையே காயாத ஊரில், எங்கே போய்க் காயவைப்பது? யோசித்தபோது ஒரே ஓர் இடம்தான் தோன்றியது. நாச்சிமுத்து தன் ஜீப்பைக் கொடுத்தார். சொட்டச் சொட்ட விரிப்பைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு ஃபேக்டரிக்கு ஓடினான் பாண்டியன்.

அங்கே இலை வாட்டும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் காத்தமுத்து. சரியான சிடுமூஞ்சி. பாண்டியன் சாக்கு இறக்கும்போதெல்லாம், "கொழுந்து கொண்டாந்தியா, தண்ணி கொண்டாந்தியா?" என்று கடித்துக் குதறுபவர். அவரிடமே போய் இதைக் கேட்டாக வேண்டும். எப்படியோ சொல்லி முடித்தான்.

காத்தமுத்து விரிப்பைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். "அந்தக் கடைசித் தொட்டி சும்மாதான் கெடக்கு. சாக்கப் பரப்பி அதுமேல போடு" என்றார். அவ்வளவுதான். அவரே போய் அந்தத் தொட்டியின் ஃபேனைப் போட்டார். அடுப்பிலிருந்து சூடான காற்று கீழிருந்து கிளம்பி வந்தது. பக்கத்துத் தொட்டியில் கொழுந்து வாடியது, இந்தத் தொட்டியில் கார் விரிப்பு வாடியது.

மறுநாள் எல்லாவற்றையும் பூட்டி, சாவியைத் திருப்பினார் நாச்சிமுத்து. சிவப்பு விளக்கு எரிந்தது. சில நொடி பாண்டியன் அதையே பார்த்தான். அணைந்தது! ஸ்கேனரில் ஏர்பேக் பெட்டி ஒழுங்காகப் பதில் சொன்னது. வளர்ந்த ஆம்பிளை, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதுவிட்டான். நாச்சிமுத்து நாசூக்காக வெளியே போய் இன்னொரு பீடியைப் பற்றவைத்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வேலை உறுதியானது. நேராக பேக்கரியில் மொறுமொறு வர்க்கி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனான்.

"மாமா, நீங்க இல்லாட்டி நாங்க இன்னேரம் திருப்பூருக்குப் பஸ் ஏறியிருப்போம்."

காத்தமுத்து பொட்டலத்தை வாங்காமல் நின்றார். சிடுமூஞ்சி கோணிக்கொண்டு வந்தது.

"அட போடா, நீ எனக்கு நன்றி சொல்ல வந்துட்டியா? கொழுந்து வரலன்னு போன மாசமே அடுப்ப அணைச்சுக் கேட்டச் சாத்துறதா இருந்தாங்க. நீ கார்ல கொண்டாந்த. உன்னப் பாத்து அவனவன் ஜீப்புல, ஆட்டோவுலன்னு கொண்டாந்தான். அதனாலதான்டா அடுப்பு எரியுது. என் பொண்டாட்டி தெய்வம்மா மூட்டை முடிச்செல்லாம் கட்டி வச்சிருந்தா. அதே திருப்பூருக்குத்தான்."

பாண்டியன் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். ஆளுக்கொரு வர்க்கியை எடுத்து, வாடிக்கொண்டிருந்த கொழுந்துக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்றார்கள்.