ஊதா கேட்ட வீரமுத்து

கல்லோடை வீரமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. அத்தனை வயதுக்கும் அவர் அரசாங்கத்திடம் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை குறைந்தால்கூட, "அவன் என்ன பண்ணுவான் பாவம்" என்று பையை மடித்துக்கொண்டு வந்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவர் போன தை மாதம் பெரம்பலூர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய், தன் நாலு ஏக்கர் கரிசலுக்கு ஊதா நிறம் பூசித் தரும்படி எழுத்து மூலமாகக் கேட்டார்.

விஷயம் இதுதான். பெரம்பலூரை இன்னும் இருபது வருஷத்தில் பெரிய நகரமாக்குவது என்று முடிவு செய்து, அந்த அலுவலகத்தார் ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள். ரயில் எட்டிப் பார்க்காத ஊர். கைவசம் இருப்பது நாலுவழிச் சாலை ஒன்றுதான். ஆகவே தொழிற்சாலைகளைச் சாலையை ஒட்டிக் கொண்டுவருவதாகத் திட்டம். படத்தில் மஞ்சள் என்றால் வீடு, நீலம் என்றால் கடை, பச்சை என்றால் விவசாயம், ஊதா என்றால் தொழிற்சாலை. அறுபது நாளைக்குப் படத்தைச் சுவரில் மாட்டி, ஆட்சேபனை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று அறிவித்தார்கள். நம் மக்களிடம் ஆட்சேபனைக்கா பஞ்சம்? ஊதாவில் அகப்பட்டவர்கள் வேண்டாம் என்று எழுதினார்கள். அகப்படாதவர்களும், எதற்கும் இருக்கட்டும் என்று வேண்டாம் என்றே எழுதினார்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத ஒருவர், ஊதா கண்ணை உறுத்துகிறது என்று எழுதியதாகக் கேள்வி.

வீரமுத்துவின் நிலம் பச்சை. சாலைப் பக்கமிருந்து வந்த ஊதா, ஓடையின் அந்தக் கரையோடு நின்றுவிட்டது. இந்தக் கரையில் முதல் நிலம் அவருடையது. பருத்தியும் மக்காச்சோளமும் மாறி மாறி விளைகிற மண். வேறு யாராவது என்றால் தப்பித்தோம் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பார்கள். வீரமுத்துவுக்கோ தூக்கம் போயிற்று.

காரணம் அவருடைய மகன் முத்தமிழ்செல்வன். முப்பத்திரண்டு வயது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர் வேலை. விடிவதற்குள் பஸ் ஏறிப் போய், இருட்டியபின் தலையெல்லாம் தூசி படிந்து வந்து இறங்குவான். கெட்ட பழக்கம் கிடையாது. அதிர்ந்து பேசமாட்டான். பெண்தான் கிடைக்கவில்லை. மூன்று இடத்திலிருந்து வந்து, வீட்டைப் பார்த்து, நிலத்தைப் பார்த்து, "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

மூன்று இடத்தாரும் கை நனைக்கவில்லை. சம்பந்தம் முடிவாகும்வரை பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. தண்ணீர் குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், இலையில் மட்டும் உட்கார மாட்டார்கள். வீரமுத்துவின் மனைவி பச்சையம்மாள், உட்கார்ந்த இடத்திலேயே முடிவாகிவிட்டால் என்ன செய்வது என்று மூன்று தடவையும் வடை பாயசத்தோடு சமைத்து வைத்தாள். மூன்று தடவையும் அக்கம்பக்கத்தார்தான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த எடம் அமையும் அக்கா" என்று ஏப்பம் விட்டுப் போனார்கள்.

இந்த நிலையில்தான் கல்யாணத் தரகர் வேம்பு வந்து, ஆண்டிமடத்துப் பக்கம் ஒரு நல்ல இடம் இருப்பதாகச் சொன்னார். பெண்ணின் பெயர் மலர்கொடி. அப்பா சிவசுப்பிரமணியன் முந்திரித் தோப்புக்காரர்.

"ஆனா ஒண்ணுண்ணே. இப்பல்லாம் பொண்ணு வூட்டுக்காரங்க எத்தன ஏக்கருன்னு கேக்கறதில்ல. என்ன கலருன்னுதான் கேக்குறாங்க. ஊதான்னா நெலத்துக்கு வெல ஏறும், உடனே முடிச்சிடுவாங்க. பச்சைன்னா யோசிக்கிறாங்க."

"அவங்க கேட்டாங்களாடா?"

"கேப்பாங்க. நான் எத்தன இடம் பாத்தவன்!"

அதை நம்பித்தான் வீரமுத்து பஸ் ஏறினார். அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் ஆட்சேபனைக்கு மட்டுமே இடம் இருந்தது. வேண்டும் என்று கேட்க ஒருவன் வருவான் என்று அச்சடித்தவர்கள் நினைக்கவே இல்லை. வீரமுத்து யோசித்து, "என் நிலம் பச்சையாக இருப்பதை நான் ஆட்சேபிக்கிறேன்" என்று எழுதி, ஆதார் நகலையும் போட்டோவையும் ஒட்டி நீட்டினார்.

அதை வாங்கிப் படித்த அதிகாரி ஜெயசித்ரா நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். மூன்று வருஷம் வெயிலில் அலைந்து அந்தப் படத்தைப் போட்டவர் அவர்.

"ஐயா, இதுவரைக்கும் நானூத்திப் பதினேழு மனு வந்திருக்கு, எல்லாம் வேண்டாம்னு. வேணும்னு கேட்ட ஒரே ஆளு நீங்கதான். எதுக்காகக் கேக்குறீங்க?"

மகனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று சொல்ல வீரமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. "ஊரு முன்னேறணும்ல மேடம்" என்றார்.

ஜெயசித்ராவின் கண் கலங்கியது. அந்த மனுவுக்கென்று தனிக் கோப்பு ஒன்று போட்டார். கோப்புக்குள் அது ஒன்றுதான் இருந்தது.

மாசி பிறந்து ஒரு வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஆண்டிமடத்தார் ஐந்து பேர் காரில் வந்து இறங்கினார்கள். முத்தமிழ்செல்வன் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி கலையாமல் நின்றான். பச்சையம்மாள் நான்காவது முறையாகப் பாயசத்துக்குப் பாலை ஏற்றினாள். வந்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள், வெற்றிலை போட்டார்கள், வடையின் வாசனை வந்த திசையைப் பார்க்காமல் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நிலத்தைப் பார்க்கப் புறப்பட்டார்கள்.

ஓடைக்கரையில் பருத்தி வெடித்துக் கிடந்தது. சிவசுப்பிரமணியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்தார்.

"எங்க பக்கமெல்லாம் செம்மண்ணுங்க. இப்படி ஒரு மண்ணப் பாத்து நாளாச்சு" என்றவர், நிமிர்ந்து கேட்டார். "இது அந்த ஃபேக்டரித் திட்டத்துல கிட்டத்துல ஏதும் மாட்டலியே?"

இதோ கலரைக் கேட்டுவிட்டார் என்று வீரமுத்து வாயைத் திறப்பதற்குள் சிவசுப்பிரமணியனே தொடர்ந்தார்.

"ஏன் கேக்குறேன்னா, எங்க தோப்புல பாதிய ஒரு திட்டத்துக்கு வேணும்னு குறிச்சு வச்சாங்க. மரத்த வெட்டாதன்னான், புதுசா நடாதன்னான். பதினாலு வருசம். திட்டமும் வரல, தோப்பும் தோப்பா இல்ல. எங்கப்பா அதப் பாத்துப் பாத்தே போய்ச் சேந்துட்டாரு. அதனால வேம்புகிட்ட நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். வசதி கொறைவா இருந்தாலும் பரவால்ல, நெலம் அவங்க கையில நிக்கிற எடமாப் பாருன்னேன்."

வீரமுத்து திரும்பி வேம்புவைப் பார்த்தார். வேம்பு ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாததை மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தார்.

"சேச்சே, மாட்டலீங்க" என்றார் வீரமுத்து. "சுத்தப் பச்சை."

சொன்ன வரையில் அது உண்மைதான். நாளைக்கே போய் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டால் உண்மையாகவே இருந்துவிடும் என்று கணக்குப் போட்டபடி வீட்டுக்கு நடந்தார். வாசலில் அரசாங்க ஜீப் நின்றது.

ஜெயசித்ரா மலர்ந்த முகத்தோடு இறங்கினார். பின்னாலேயே நில அளவையர் தமிழழகன், சுருட்டிய வரைபடத்தோடு. வாசலில் கார், நாற்காலிகள், புதுச்சட்டை போட்ட மனிதர்கள். தங்களை வரவேற்கத்தான் ஊரே திரண்டிருக்கிறது என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டார்.

"வீரமுத்து ஐயா! உங்க மனுவ ஏத்துக்கிட்டோம். நாளைக்குக் கூட்டம். உங்க நாலு ஏக்கரையும் ஊதாவுல சேக்கச் சொல்லிப் பரிந்துரை எழுதியாச்சு. எடத்த ஒரு தடவ பாத்துட்டு உங்க கையெழுத்து ஒண்ணு வாங்கிட்டாப் போதும்."

அடுப்படியில் எண்ணெய் காய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அது... அது வேற வீரமுத்துங்க" என்றார் வீரமுத்து. "எங்கூருல மூணு பேரு இருக்காங்க."

தமிழழகன் கடமை தவறாதவர். கோப்பைத் திறந்து, போட்டோவைப் பார்த்து, வீரமுத்துவைப் பார்த்து, எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினார். போட்டோவில் வீரமுத்து இதே சட்டையைத்தான் போட்டிருந்தார்.

சிவசுப்பிரமணியன் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். புறப்படுகிறவர் உதறுகிற உதறல். முத்தமிழ்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். மகனுடைய அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் வீரமுத்துவுக்குத் தாங்கவில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது.

"நான்தாங்க கேட்டேன்" என்றார். "ஊரு முன்னேறணும்னு இல்ல மேடம், அது பொய்யி. என் பையனுக்குப் பொண்ணு கெடைக்கலீங்க. மூணு எடம் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. ஊதான்னா பொண்ணு குடுப்பாங்கன்னு ஒருத்தன் சொன்னான். என் பையன் படுற கஷ்டத்தப் பாத்தா, ஊதா என்னங்க, கருப்படிக்கச் சொன்னாக்கூட அடிச்சிருப்பேன். அந்த மண்ணு எனக்குப் புள்ள மாதிரி. ஆனா இவன் நான் பெத்த புள்ளையாச்சே."

சொல்லி முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெயசித்ரா கோப்பை வாங்கி மனுவை இன்னொரு தடவை படித்தார். நாளைய கூட்டத்தில் அவர் பெருமையாக எடுத்து வைக்க இருந்த ஒரே காகிதம் அது.

"உண்மையச் சொன்னா எங்களுக்கும் ஓடையத் தாண்ட மனசு இல்ல" என்றார் மெதுவாக. "கரிசல்ல கட்டடம் நிக்கறது கஷ்டம், வெடிப்பு விடும். மழைத் தண்ணிக்கும் வழி வேணும். அதனாலதான் மொதல்ல அந்தக் கரையோட நிறுத்தினேன். நீங்க ஆசையாக் கேட்டீங்களேன்னுதான் தாண்டினேன். வாபஸ்னு எழுதிக் குடுத்துடுங்க."

தமிழழகன் வெள்ளைத்தாள் நீட்டினார். வீரமுத்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோப்பு காலியாயிற்று. ஜெயசித்ரா படத்தைச் சுருட்டச் சொன்னார்.

அதுவரை நிலைப்படியில் நின்ற பச்சையம்மாள் முன்னால் வந்தாள். நாலாவது பாயசமும் தெருவுக்குப் போவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. "அம்மா, வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள்.

"மனு குடுத்தவங்க வூட்டுல நாங்க கை நனைக்கக் கூடாதும்மா."

"அதான் மனுவ வாபஸ் வாங்கிட்டாருல்ல?"

ஜெயசித்ரா தமிழழகனைப் பார்த்தார். தமிழழகன் அடுப்படிப் பக்கம் பார்த்தார். "விதிப்படி தப்பில்லீங்க மேடம்" என்றார்.

இரண்டு இலை விழுந்தது. சிவசுப்பிரமணியன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். துண்டு கையிலேயே இருந்தது. "மேடம், ஃபேக்டரி அந்தக் கரைக்கு வர்றது நிச்சயந்தானா?" என்றார்.

"அங்க நானூத்திப் பதினேழு பேரு சண்ட போட்டுட்டு நிக்கிறாங்க. பேசித்தான் பாக்கணும். ஆனா வரும்."

"ஃபிட்டர் வேலைக்கு ஆளெடுப்பாங்களா?"

"அனுபவம் இருந்தா கண்டிப்பா எடுப்பாங்க."

சிவசுப்பிரமணியன் ஓடைப் பக்கம் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், நடுவில் இருக்கிற தூரத்தை மனசுக்குள் நடந்து பார்த்தார். பிறகு முத்தமிழ்செல்வனிடம் திரும்பினார்.

"அப்ப நீங்க அரியலூருக்கு பஸ் புடிக்க வேண்டாம். மத்தியானம் சோத்துக்கு வூட்டுக்கே வந்துடலாம். என்னங்க மாப்ள?"

முத்தமிழ்செல்வன் உள்ளே போய் இன்னும் ஐந்து இலைகளை எடுத்து வந்தான்.

"வூட்டு விசயத்த இத்தன பேரு முன்னாடி ஒடச்சுச் சொன்ன மனுசன் எம்பொண்ண நல்லாத்தான் வச்சுப்பாரு" என்று சிவசுப்பிரமணியன் தன்னோடு வந்தவர்களிடம் சொன்னார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வீரமுத்துவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"சம்பந்தி, கை கழுவத் தண்ணி ஊத்துங்க."

செம்பு வாசலிலேயே இருந்தது. வீரமுத்து எடுத்து ஊற்றினார். ஊற்றிய அவசரத்தில் பாதித் தண்ணீர் சம்பந்தியின் வேட்டியில்தான் விழுந்தது. அவர் அதைத் துடைக்காமலேயே இலையில் போய் உட்கார்ந்தார்.