கழிவு போக நூற்றுப்பதினேழு வெள்ளி

கப்பலில் போக வேண்டும் என்று பூங்காவனம் ஆசைப்பட்டதில் யாருக்கும் வியப்பில்லை. மலாக்காவின் காஜா பெராங்கில் கப்பலைப் பற்றிப் பேசாத தமிழ் வீடு ஏது? எதற்காகப் போகிறாள் என்று கேட்டவர்கள்தான் வாயைப் பிளந்தார்கள். நாகப்பட்டினத்தில் அவளுக்கு ஒரு ஈ காக்காய் கிடையாது. அங்கே சாவும் இல்லை, கல்யாணமும் இல்லை, கோயில் வேண்டுதலும் இல்லை.

"கப்பல்ல ஆறு நாள் போக, ஆறு நாள் வர. அத்தனை நாளும் அடுப்பு மூட்ட வேணாம், கிணத்துல தண்ணி சேந்த வேணாம். வேளா வேளைக்கு எவனோ ஆக்கிக் கொண்டாந்து குடுப்பான். நான் சும்மா உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டே சாப்பிடணும். அம்புட்டுத்தான்லா!" என்பாள்.

கொழுப்பு என்றார்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்ப் பெருமூச்சு விட்டார்கள்.

அவள் புருஷன் மருதமுத்து, பண்டார் ஹிலிரில் ஒரு மசாலைக் கடையில் தராசு பிடிப்பவன். காசு விஷயத்தில் கெட்டி. கெட்டி என்ன கெட்டி, படு கஞ்சன் என்றே சொல்லிவிடலாம், எனக்கென்ன பயம்? கப்பலுக்குக் கட்டுச்சோறும் அவலும் கொண்டுபோனால் சாப்பாட்டுக் காசு மிச்சமாகுமே என்று ஒரு நாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டான். பூங்காவனம் கரண்டியைத் தரையில் போட்டாள். "அப்ப நான் எதுக்குக் கப்பலுக்குப் போறேன்? இங்கயே ஆக்கி, கடற்கரையில உக்காந்து தின்னுட்டு வந்துடறேன்!"

அதற்கப்புறம் சாப்பாடு சேர்த்துத்தான் கணக்கு. இரண்டு பேருக்குப் போகவும் வரவும் நூற்றுமுப்பது மலாயா வெள்ளி. காலையில் தோசை சுட்டு விற்று அவள் சேர்த்தாள். வெற்றிலையை விட்டு, முடிவெட்டுவதைத் தள்ளிப்போட்டு அவன் சேர்த்தான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இருந்தும் ஏழு வருடம் பிடித்தது. பணம் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. பூங்காவனம் போட்ட ஒரே கட்டளை இதுதான்: "கப்பலைக் கண்ணால பாக்குற வரைக்கும் எவன் கையிலயும் காசைக் குடுக்காதீங்க."

நாற்பத்தொன்றாம் வருடம் நவம்பர் மாதம். டிக்கட் ஏஜெண்டு ஹனீபா மசாலைக் கடைக்குச் சீரகம் வாங்க வந்தவர், போகிற போக்கில் சொன்னார். மாதக் கடைசிக்குள் முழுப்பணமும் கட்டினால் பத்துக்கு ஒன்று கழிவு. கப்பல் ஜனவரியில், பொங்கல் கழித்து.

பத்துக்கு ஒன்று! நூற்றுமுப்பதுக்குப் பதின்மூன்று வெள்ளி! மருதமுத்துவுக்கு அன்று இரண்டு பேருக்கு நிறுத்துக் கொடுத்த மிளகாயில் எடை தப்பியது. ஏழு வருடம் சில்லறை சில்லறையாகச் சேர்த்தவனுக்குப் பதின்மூன்று வெள்ளி சும்மா வருகிறது என்றால் புத்தி எங்கே நிற்கும்? நூற்றுப்பதினேழு வெள்ளியைக் கட்டி, முத்திரை போட்ட ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டான். பாக்கியில் அவளுக்கு ஒரு சேலை எடுத்து, பொங்கலன்று ரசீதையும் சேலையையும் ஒன்றாக நீட்டி அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று திட்டம்.

பொங்கலுக்குக் கப்பல் வரவில்லை. ஜப்பான்காரன் வந்தான். மலாக்காவில் சைக்கிளும் லாரியுமாக வந்து இறங்கினான்.

அன்றிலிருந்து மருதமுத்து மாட்டிக்கொண்டான். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினான். முதலாளி கடையை மூடிக்கொண்டு மூவாருக்குப் போனபோது, "நம்ம பணம்?" என்றாள் பூங்காவனம். வாய் தானாகவே பொய் சொன்னது. "வாங்கி ஒரு டின்னுல போட்டுப் பொதைச்சு வச்சிருக்கேன். எடத்தை நீ கேக்காத. ஜப்பான்காரன் அடிச்சாச் சொல்லிடுவ." அவள் அதையும் நம்பினாள். ராஜா தலை போட்ட பழைய வெள்ளிக்கு மதிப்பு ஏற ஏற, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு வெறும் காகிதமாக ஆக ஆக, மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டே அவள் சிரிப்பாள். "பாத்தீங்களா, நம்ம காசு பத்திரமா இருக்கு. சண்டை முடியட்டும். மொதக் கப்பல்ல நாமதான்." அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது அவன் தன் கிழங்கை அவள் தட்டுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். இப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

நாற்பத்துமூன்று ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, கலியாணசுந்தரம் வீட்டுக்கு வந்தார். முன்பு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். இப்போது ஜப்பான்காரன் அவரைப் பத்து வீட்டுக்குத் தலைவராக்கிக் கையில் ஒரு துணிப்பட்டையும் கட்டிவிட்டிருந்தான். ஊர் இன்னும் அவரைக் கிராணி என்றுதான் கூப்பிட்டது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மருதமுத்து, சியாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேக்குறான். பத்து வீட்டுக்கு ஒரு ஆள். மத்த வீட்டுலல்லாம் பிள்ளை குட்டி இருக்கு, இல்லாட்டி அவன்கிட்டயே வேலை பாக்குறாங்க. வேலையும் இல்லாம பிள்ளையும் இல்லாம இருக்கறது நீ ஒருத்தன்தான். நான் என்னப்பா செய்யறது? பேர் குடுக்காட்டி என் கழுத்து போயிடும்."

"மூணு மாசம்தானேங்க சொல்றாங்க?" என்றான் மருதமுத்து.

"போனவன் எவனாவது திரும்பி வந்தானா? நீ பாத்தியா?" என்று எரிந்து விழுந்தார் கிராணி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. பட்டியல் எழுதறவன் நூறு வெள்ளி கேக்குறான். வாழை நோட்டு வேணாமாம், பழசுதான் வேணும். புதன்கிழமை சாயந்தரத்துக்குள்ள கொண்டாந்தா உன் பேரை அடிச்சிட்டு, வேற வட்டாரத்துல ஆள் புடிச்சிக்குவான். வெள்ளிக்கிழமை காலையில லாரி."

கதவுக்குப் பின்னால் நின்ற பூங்காவனம் வெளியே வந்தாள். முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. "குடுத்துடறோம் கிராணி. புதன்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே கொண்டாருவாரு."

கிராணி போனதும் அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்ன முழிக்கிறீங்க? கப்பல் போனாப் போகுது. உங்களை விட்டுட்டு நான் எந்தக் கடலைப் பாக்கப் போறேன்? போய்த் தோண்டி எடுத்துட்டு வாங்க."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நாக்கின் நுனி வரை வந்தது. ஏழு வருடத்து ஆசையை ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறவளிடம், விட்டுக்கொடுக்கவும் ஒன்றுமில்லையடி என்று எந்த முகத்தோடு சொல்வது? மருதமுத்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். மண்வெட்டி! வேஷத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை மனிதன்.

நேராக ஹனீபாவிடம் போனான். டிக்கட் கடையில் இப்போது செம்பனை எண்ணெயில் காய்ச்சிய சவுக்காரம் விற்றுக்கொண்டிருந்தார் ஹனீபா. ரசீதைக் கையில் வாங்கினார். அதையே வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இந்த முத்திரை நான் போட்டதுதான், இல்லேங்கல. ஆனா பணத்தை மறுநாளே பினாங்குக்கு அனுப்பிட்டேன். கம்பெனிக்காரன் குண்டு விழுந்தன்னிக்கே ஓடிட்டான். அல்லா அறிய எங்கிட்ட பழைய வெள்ளி ஒண்ணுகூட இல்ல. இருந்தா ஒனக்கு இல்லேன்னு சொல்லுவேனா?" எழுந்து உள்ளே போய் இரண்டு சவுக்காரக் கட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். "சண்டை முடிஞ்சா ரசீது செல்லும். பத்திரமா வச்சுக்க."

திட்டுவதற்குக்கூட அந்த மனிதர் இடம் கொடுக்கவில்லை. தோண்டுகிற இடத்தில் ஆள் நடமாட்டம் என்று பூங்காவனத்திடம் சாக்குச் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை முழுவதும் மருதமுத்து தெரிந்தவன் தெரியாதவன் என்று அத்தனை கதவையும் தட்டினான். பழைய வெள்ளி வைத்திருப்பவன் வைத்திருக்கிறேன் என்று சொல்வானா? எல்லோரும் கையை விரித்தார்கள். புதன்கிழமை மூவார் பாதையில் சாவடி வரை நடந்துபோனான். முதலாளியைப் பார்த்துவிடலாம் என்று நினைப்பு. சாவடியில் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் தோளில் ஒன்று போட்டுத் திருப்பி அனுப்பினான்.

சாயந்தரம் வீட்டுக்குள் நுழைந்தவனைப் பார்த்து, "குடுத்துட்டீங்களா?" என்றாள் பூங்காவனம்.

"குடுத்துட்டேன்."

அவ்வளவுதான். பூங்காவனம் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, எங்கோ ஒளித்து வைத்திருந்த இரண்டு கை அரிசியை எடுத்து உலை வைத்தாள். கிழங்கு கலக்காத சோறு. "முப்பது வெள்ளி மிச்சமிருக்குமே" என்றாள். "அதுல கப்பல் வேணாம், ஒரு சம்பான் படகுல ஏறி ஆத்து முகம் வரைக்கும் போயிட்டு வருவோம். கட்டுச்சோறு வேணும்னாலும் கட்டிக்கலாம், போங்க. உங்க ஆசையும் தீரட்டும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

மருதமுத்து தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சோற்றைத் தின்றான். பயம் இருந்தது, அதைவிட வெட்கம் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவன் கண்டுபிடித்த வழியும் பொய்தான். மூவாரில் முதலாளிக்கு ஜவ்வரிசி ஆலையில் ஆள் வேண்டுமாம், மூன்று மாதம் போய்விட்டு வருகிறேன், வெள்ளிக்கிழமை விடியக் கிளம்ப வேண்டும் என்றான். லாரியில் சத்தமில்லாமல் போய் ஏறிவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால், அவள் வரைக்கும் பணம் அவனைக் காப்பாற்றத்தான் போனது, புருஷன் பொய்யனாகவில்லை. எப்படி இருக்கிறது கணக்கு? தராசு பிடித்த கை அல்லவா!

வெள்ளிக்கிழமை காலை பண்டார் ஹிலிர் திடலில் நாற்பது ஐம்பது பேரை வரிசையாகக் குந்தவைத்திருந்தார்கள். இரண்டு லாரிகள் நின்றன. ஒரு ஜப்பான் சிப்பாயும், தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவனும் பெயர்களைச் சரிபார்த்தார்கள். தம்பின் வரை லாரி, அங்கிருந்து ரயில் என்றான் மொழிபெயர்ப்பாளன். தலைவர்கள் எல்லோரும் தங்கள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஓரமாக நின்றார்கள். மருதமுத்து பணம் கொண்டுவராதது கிராணிக்கு எரிச்சல்தான். ஆனாலும் தானாகவே வந்துவிட்டானே என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

"லாக்கி லு நாக் நாயேக் லோரி! அந்தா, அந்தா!"

கம்போங் செட்டிக் குடியிருப்புப் பெண் ஒருத்தி கையை நீட்டிக் கத்தினாள். உன் புருஷன் லாரி ஏறப் போகிறான் என்று அவள் மலாயில் யாரிடம் கத்துகிறாள் என்று மருதமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. அந்தப் பெண் சந்தைக்குப் போகிற வழியில் அவனைப் பார்த்திருக்க வேண்டும். தலைமயிர் அவிழ்ந்து கிடக்க, பூங்காவனம் திடலுக்குள் ஓடிவந்தாள். புருஷனிடம் வரவில்லை, நேராகக் கிராணியிடம் போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"நூறு வெள்ளி வாங்குனியே, பாவி! முழுசா நூறு வெள்ளி! வாங்கிக்கிட்டும் எம் புருஷனைக் கொண்டாந்து நிறுத்திட்டியே, நீ நல்லா இருப்பியா?"

கிராணி சட்டையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். "நான் வாங்கலம்மா... வாங்கல..."

மொழிபெயர்ப்பாளன் நிமிர்ந்தான். சிப்பாய் என்ன என்று கேட்க, இவன் ஏதோ சொன்னான். சிப்பாயின் கை இடுப்பு வாளுக்குப் போனது. பணம் வாங்கியவனுக்கும் தலை இருக்காது, கொடுத்தவளுக்கும் இருக்காது. அதைத் திடலில் இருந்த அத்தனை பேரும் அறிவார்கள். பூங்காவனம் ஒருத்திதான் அறியாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

மருதமுத்து எழுந்து நின்றான். "அவர் வாங்கல" என்றான். யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் கத்தினான். "அவர் ஒண்ணும் வாங்கல! அவ தெரியாமப் பேசுறா. நான் யாருக்கும் காசு குடுக்கல. எங்கிட்ட காசே இல்ல!"

பூங்காவனத்தின் கை கிராணியின் சட்டையிலிருந்து தானாகவே கழன்றது.

"சண்டை வர்றதுக்கு முன்னாலேயே டிக்கட் எடுத்துட்டேன் புள்ள" என்றான். "பத்துக்கு ஒண்ணு கழிவுன்னாங்க. ரெண்டு பேருக்கும் எடுத்தேன். சாப்பாடு சேத்துத்தான் எடுத்தேன். கப்பல் வரல. உங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல."

மொழிபெயர்ப்பாளன் அதைச் சிப்பாயிடம் சொன்னான். என்ன சொன்னானோ, சிப்பாய் வாளிலிருந்து கையை எடுத்துவிட்டு மருதமுத்துவைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். பிறகு பிடரியைப் பிடித்து லாரிப் பக்கம் தள்ளினான். கிராணி உயிர் வந்தவராக மூச்சு விட்டார். வரிசை எழுந்து ஏறத் தொடங்கியது.

லாரியின் பின்பலகையைத் தூக்கி மாட்டும்போதுதான் பூங்காவனத்துக்கு நடக்கிறது என்னவென்று உறைத்தது. லாரியை நோக்கி ஓடிவந்தாள். ஓடிக்கொண்டே இடுப்பு மடியைப் பிரித்தாள். கொள்ளைக்குப் பயந்து கழுத்தில் வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, தாலிச் சங்கிலியைக் கழற்றி ஒன்றரை வருடமாக மடியில் முடிந்துவைத்திருந்தாள். மூன்று பவுன் அது. அவள் முடிந்தபோது பக்கத்தில் விளக்குப் பிடித்தவனே மருதமுத்துதான். திங்கட்கிழமையிலிருந்து ஊரெல்லாம் கதவு தட்டியவனுக்கு அது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. நினைத்திருந்தால் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமே!

"கிராணி, தங்கம் வாங்க மாட்டியா? இந்தா, வாங்கிக்க!" என்று சங்கிலியை நீட்டினாள். கிராணி சிப்பாயின் முதுகைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். "பேரு சரி பாத்தாச்சும்மா" என்று முணுமுணுத்தார். "திங்கக்கிழமை குடுத்திருந்தா அன்னைக்கே பேரை அடிச்சிருப்பான்."

லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. பூங்காவனம் கூடவே ஓடினாள். பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சங்கிலி சுற்றிய மற்றக் கையால் புருஷனின் மார்பில் படபடவென்று அடித்தாள். ஒரு நாளும் அவனை ஒருமையில் பேசியறியாதவள், ஊர் பார்க்கக் கத்தினாள்.

"இருக்குடா, இங்க இருக்குடா! ஒரு வார்த்தை சொன்னா என்ன? ரெண்டு நாள் ஒன்னைத் திட்டியிருப்பேன். அப்புறம் இதைக் கழட்டிக் குடுத்திருப்பேன். அந்தத் திட்டுக்குப் பயந்துதானா சாகப் போற?"

மருதமுத்து குனிந்து அவள் கையைப் பிடித்தான். லாரி வேகமெடுத்தது. அவள் கால் தடுக்கியது. எதிர்ச்சாரியில் நின்ற சிப்பாய் சத்தம் போட்டான். தடுமாறிக்கொண்டே ஓடிவருகிறவளை இனியும் பிடித்திருந்தால் சக்கரத்தில் விழுந்துவிடுவாள் என்று அவன்தான் கையை விட்டான்.