விளக்கு போட்ட பிறகும்

"நீ போய்ப் பாத்துட்டு வா. விளக்கு போட்டப்புறமும் எந்திரிக்காம யாராச்சும் உக்காந்திருக்காங்களான்னு மட்டும் பாரு. ஒரே ஒரு ஆளு போதும், நிம்மதியாக் கண்ணை மூடிருவேன்." ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மனைவி ஹிசாகோவிடம் கெஞ்சினார் ஷிகேயோஷி.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் இயக்கிய கார்ட்டூன் படம் 'உப்புக் கிரகம்'. விண்வெளிக் கதை. ஒரு வாரம்கூட ஓடவில்லை. இன்று டோக்கியோவில், அசகயா பக்கம் ஒரு குட்டித் தியேட்டரில் ஒரே ஒரு காட்சி. டோக்கியோக்காரர்கள் படம் எவ்வளவு குப்பையாக இருந்தாலும், கடைசிப் பெயர் ஓடி விளக்கு போடும்வரை மரியாதைக்கு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பிறகும் எழ முடியாமல் போனால்தான் படம் ஆளை ஏதோ செய்திருக்கிறது என்று அர்த்தம்.

ஹிசாகோ அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பாள்? அவள் வாழ்க்கையை முழுங்கிய சனியன் அல்லவா அது! அவர் ஸ்டுடியோ மேசைக்கடியில் படுத்துத் தூங்கிய நாளெல்லாம், இவள் பொரித்த மீனை மூடி வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தாள். வீட்டுக்கு வந்தாலும் மனுஷர் வாயைத் திறக்க மாட்டார்.

இன்றைக்கு அவருக்காகத் தியேட்டருக்குப் போய் உட்கார்ந்தாள். திரையில் கடல் வற்றிப்போன ஒரு கிரகம். தண்ணீர் தேடிப் போனவனுக்காக ஒருத்தி சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருக்கிறாள். மூடியைத் தூக்கிப் பார்க்கிறாள், மறுபடி மூடுகிறாள். இடது கையால் காதோர முடியை ஒதுக்கிக்கொள்கிறாள். அடப்பாவி மனுஷா, அது ஹிசாகோவின் கை! எல்லாவற்றையும் பார்த்துத்தான் இருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்து வரைந்து வைத்திருக்கிறார்.

விளக்கு வந்தது. இருந்த நாலைந்து பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஹிசாகோவுக்குக் கால் வரவில்லை. பெருக்க வந்த பெண், "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள்.

நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள்.

"யாராச்சும் உக்காந்திருந்தாங்களா?"

"இருந்தாங்க. ஒருத்தர்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "யாரு? சின்ன வயசா? அழுதாங்களா?"

"நான்தாங்க. அழுதேன். எந்திரிக்கவே முடியலைங்க. அந்தக் கை இருக்கே..."

"ப்ச்." முகம் செத்துப்போயிற்று. "நீ வீட்டு ஆளு. வீட்டு ஆளு மெச்சிக்கிட்டா வெளிய சொல்லவே வெக்கக்கேடு. அதெல்லாம் கணக்கில்ல." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

யாரோ ஒரு பையன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவில்லையே! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் சொல்ல அவளுக்கு ஏதோ இருந்தது.

"என்னங்க," என்றாள். அவர் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரிச் சாப்பாடு பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. ஹிசாகோ மூடியைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி மூடி வைத்தாள்.